மார்ச் 31: பண்ணைத் தொழிலாளரைப் போற்றும் விடுமுறை

கலிபோர்னியா வாழ் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பண்ணைத் தொழிலாளரையும் அவர்களது உரிமைப் போராட்டத்தையும் போற்றும் மாநில விடுமுறை மார்ச் 31 அன்று வருவதால், மோட்டார் வாகனத் துறை உள்ளிட்ட மாநில அலுவலகங்களில் வேலை இருப்பவர்கள் அதை முன்னதாகவே முடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோ நகரைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள். அடுத்த சில நாட்களில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் சங்கமும் கைகோக்க, நாடெங்கும் மக்கள் திராட்சை வாங்க மறுத்த புறக்கணிப்பின் பலத்தால், 1970இல் தோட்ட உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முதலில் களமிறங்கியவர்களின் பெயர் பல நேரங்களில் விடுபட்டுப்போவது வருத்தம் தருகிறது.

லெட்யூஸ் வயல்களில் நாள் முழுவதும் இடுப்பொடியக் குனிந்து வேலை செய்யவைத்த குட்டைப் பிடிக் களைக்கொத்து 1975இல்தான் தடைசெய்யப்பட்டது. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் விலக்கி வைத்திருந்த பண்ணைத் தொழிலாளர்களுக்கு, சங்கமாகப் பேரம்பேசும் உரிமையைக் கலிபோர்னியா சட்டமாக்கியதும் அதே ஆண்டில்தான்.

வாய்ப்புள்ளவர்கள் பிள்ளைகளுடன் டெலானோவுக்குச் சென்று, முதிய பிலிப்பினோ தொழிலாளர்களுக்காக பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் ‘நாற்பது ஏக்கர்’ வளாகத்தில் எழுப்பப்பட்ட அக்பயானி குடியிருப்பைப் பார்த்து வருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.