வார்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கல்லீரல் வார்டில் ஒருவர் பிழைத்தால் நன்றியெல்லாம் எங்களுக்கே வந்து சேர்கிறது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) முற்றி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தியோடு வருபவருக்கு எங்களால் ஆவது கொஞ்சம்தான். அந்த நிலைக்கு ஆளை வரவிடாமல் காப்பவர்கள் வேறு அறைகளில் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதல் வணக்கம் பிரசவ அறைச் செவிலியர்களுக்கு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி பிறக்கும்போது தொற்றினால், 10 குழந்தைகளில் 9 பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களிலோ 100க்கு 5 பேரிடம்கூட அப்படித் தங்காது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசிதான் இந்தக் கணக்கை மாற்றுகிறது. எடை குறைவு, விடுமுறை நாள் என்று எந்தச் சாக்கும் சொல்லாமல் போட்டீர்கள். தாய்க்குத் தொற்று இருந்தால் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புப் புரதம்) என்று பிரித்துப் போடவும் மறக்கவில்லை.

அந்த ஊசி செவிலியர் கைக்குச் சேரும்வரை அதைக் குளிரில் காத்த ஊழியர்களே, உங்களை யாரும் பார்ப்பதில்லை. வெயில்தான் தடுப்பூசிக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை உறைபனிதான் சட்டென்று கெடுக்கும். இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைத்தால், அதை ஒட்டியிருக்கும் குப்பி உறைந்துபோகும். மருந்தோடு சேர்ந்திருக்கும் அலுமினிய உப்பு திரிந்து, உருகிய பிறகும் பழையபடி கலக்காது. அதனால்தான் ஐஸ்பேக்கை வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் களக்கென்று ஓடும்வரை காத்திருந்தீர்கள். சந்தேகம் வந்தபோது அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி, அருகருகே நிறுத்திப் பார்த்தீர்கள். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் வண்டல் இறங்கினால் அந்த மருந்து குப்பைக்கு. கெட்ட ஊசியைப் போட்டிருந்தால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தெரியவரும்போது 30 வருடம் ஓடியிருக்கும்.

ரத்த வங்கிக்கும் லேபுக்கும் அடுத்த நன்றி. 1989-இல் ஹெபடைடிஸ் சி கிருமி இனங்காணப்படும்வரை, ரத்தம் ஏற்றியபின் வந்த பல காமாலைகளுக்கு 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்றுதான் பெயர்! இன்று ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்றதும் அதே குழாய் ரத்தத்தில் ஆர்என்ஏ (கிருமியின் மரபுப்பொருள்) பரிசோதனையையும் செய்துவிடுகிறீர்கள். ஆன்டிபாடி பழைய தடம் மட்டுமே. கிருமி இப்போது இருக்கிறதா என்பதை ஆர்என்ஏதான் சொல்லும். இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பியிருந்தால் சிலர் திரும்பியே வந்திருக்க மாட்டார்கள்.

புற்றுநோய்ப் பிரிவினர் கீமோதெரபிக்கு முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளை முடித்து அனுப்பினார்கள். உறங்கிக்கிடக்கும் கிருமியைக் கீமோதெரபியால் எழுப்பிவிட்டு அணைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டியது நிறைய. மஞ்சள் காமாலை நோயின் பெயர் அல்ல, அடையாளம். அது எவ்வளவு மஞ்சள் என்பதைவிட, ஆள் எப்படிப் பேசுகிறார் என்பதை நீங்கள் கவனித்தீர்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறார், தெரிந்த பெயரைத் தடுமாறிச் சொல்கிறார், கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் இறக்கைபோலப் படபடக்கின்றன. தூக்க மாத்திரை கொடுக்காமல் அந்த இரவே கூட்டிவந்தீர்கள். முன்பு கல்லீரல் நோய் இல்லாதவருக்கு, இந்தக் குழப்பத்தோடு ஐஎன்ஆர் (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) 1.5-ஐத் தொட்டுவிட்டால் அது திடீர்க் கல்லீரல் செயலிழப்பு. மாற்று அறுவை செய்யும் இடத்துக்கு உடனே தகவல் போக வேண்டும். ரத்தத்தில் கல்லீரல் என்சைம் அளவு ஆயிரங்களிலிருந்து நூறுகளுக்கு இறங்கியதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவதுதான் இங்கே பெரிய பொறி. காமாலை நிறமியான பிலிருபினும் ஐஎன்ஆரும் கூடவே ஏறினால், அழிய இனிச் செல்கள் மிச்சமில்லை என்று பொருள். கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ வந்த கர்ப்பிணிகளை ஒரு நாளும் தாமதிக்காமல் அனுப்பியவர்களுக்கும் இதே நன்றி; அந்தக் கட்டத்தில் 5 பேரில் ஒருவர்வரை உயிரிழக்கக்கூடும்.

மாத்திரை தீரும் முன்பே நினைவூட்டிய மருந்தாளுநர்களே, ஹெபடைடிஸ் பி மருந்தைத் தானாக நிறுத்தியவர்களுக்கு எழும் திடீர் அழற்சியைப் பலமுறை தடுத்தது நீங்கள்தான்.

கடைசியாக, ஹெபடைடிஸ் சி-க்கு 8 அல்லது 12 வாரம் மாத்திரை முடித்து, உடம்பு நன்றாக இருந்தும், இன்னொரு 12 வாரம் கழித்து அந்த ஒரே ஒரு ஆர்என்ஏ பரிசோதனைக்காக வந்து நின்றவர்களுக்கு. கிருமி இல்லை என்ற அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆன்டிபாடி இனியும் பாசிட்டிவ் என்றே வரும்; ஒவ்வொரு புது மருத்துவரிடமும் அந்தத் தாளைக் காட்ட வேண்டியிருக்கும். சிரோசிஸ் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கும் வாருங்கள்.

நன்றியுடன்,
கல்லீரல் சிகிச்சைப் பிரிவினர்