தவணை விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

தவணை நல்லபடியாக முடிந்தது. திடல்தடம், திருக்குறள் மனனம், கதை சொல்லும் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். கோப்பைகள் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. நூலகத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நன்றி.

அப்புறம், போன மாதம் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன கல்விச் சுற்றுலா. துணைக்கு வந்த பெற்றோர்கள் இல்லையென்றால் அத்தனை பிள்ளைகளையும் கூட்டிப் போயிருக்க முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

“தொடாதீர்” என்ற பலகைக்குப் பக்கத்திலேயே, படம் எடுப்பதற்காக ஒருவர் தம் மகனின் கையைப் பிடித்து பதப்படுத்தி வைத்திருந்த இருவாச்சிப் பறவையின் இறக்கைமேல் வைத்தார். ஆசிரியை தடுத்ததற்கு, “செத்த பறவைதானே டீச்சர்” என்றாராம். சரி, செத்ததுதான். ஆனால் பதப்படுத்திய பழைய தோல்களுக்குப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். அந்த நஞ்சு இன்னமும் அவற்றில் இருக்கலாம். அதே கையால்தான் பையன் கறிபாப் சாப்பிட்டான், அதுவும் கூடத்துக்குள்ளேயே. உதிர்ந்த துணுக்கைத் தேடிப் பூச்சி வந்தால் இறகும் தோலும் மிஞ்சாது. பறவையின் காலில் கட்டிய சிறு சீட்டையும் சிலர் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று அதில்தான் எழுதியிருக்கும். அது பிய்ந்துபோனால் ஆய்வாளருக்கு அந்தப் பறவையால் பெரிய பயனில்லை.

நம் மலேசியாவில் கடைசியாக இருந்த சுமத்ரா காண்டாமிருகம், இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இனி அந்த விலங்கை இங்கே எலும்பாகவோ தோலாகவோதான் நம் பிள்ளைகள் பார்க்க முடியும். அதையும் நாமே பாழாக்கலாமா?

ஆகவே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். விதியை மீறும் பெற்றோர், சங்கத்தில் எந்தப் பொறுப்பில் இருந்தாலும், அடுத்த சுற்றுலாவுக்கு அழைக்கப்படமாட்டார்.

கோபத்தில் எழுதவில்லை. வேலைக்கு விடுப்பு எடுத்து வந்தீர்கள். பேருந்தில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் சுளிக்காமல் சட்டை மாற்றிவிட்டார் ஓர் அம்மா. அவர் பிள்ளைகூட இல்லை. அதையும் மறக்கவில்லை.

அடுத்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1974இல் தொடங்கிய ரிம்பா இல்மு தாவரத் தோட்டத்துக்குப் போகிறோம். 80 ஹெக்டர் பரப்பு, நல்ல காலணி அவசியம். மூலிகைகளும் உண்டு; “ஒரு கிளை மட்டும் ஒடித்துக்கொள்கிறேனே” என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். துணைக்கு வர விரும்புவோர் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்