பிரேயரில் மார்க் வாசிக்கும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். 27 வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்களைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஏற்றுவதென்றால் முதலில் ஏற வேண்டியவள் நான்தான். எங்கள் பள்ளியில் திங்கட்கிழமை பிரேயரில் மைக் பிடித்து மார்க் வாசித்தது நான்.

முறை உங்களுக்குத் தெரியாததில்லை. வார டெஸ்டில் நல்ல மார்க் எடுத்தவர்கள் கைதட்டலோடு கொடிக்கம்பத்துப் பக்கம் வந்து நிற்பார்கள். அப்புறம் மற்றவர்கள். பெயர், பாடம், மார்க். பெயரைக் கேட்டதும் வரிசையை விட்டு வெளியே வர வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, பிளஸ் டூ பையன் ஒருவனுக்கு "வேதியியல், பதினொன்று" என்று வாசித்தேன். வெளியே வந்தான். சட்டைக் கைமடிப்பை விரலால் உருட்டிக்கொண்டே நின்றான். வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் பீரியட் என்னுடையது. பாடம், நாளமில்லாச் சுரப்பிகள். அட்ரினல் சுரப்பி எங்கே இருக்கிறது என்று அவனையே கேட்டேன். வெள்ளிக்கிழமை போர்டில் அழகாகப் படம் வரைந்து பாகம் குறித்தவன் அவன்தான். எழுந்தான், வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. "வெள்ளிக்கிழமை தெரிஞ்சுது மிஸ்" என்றான். திமிர் என்று நினைத்து அந்த பீரியட் முழுக்க நிற்க வைத்தேன்.

அந்தச் சுரப்பி அவனுடைய சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்து அந்த நேரத்தில் முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது. அத்தனை வருடமும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

நம் பாட்டிமார் உயிரியல் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் பயத்தை உறுப்பு உறுப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நாக்கு ஒட்டிக்கொண்டது, முகம் வெளிறிப் போச்சு, கை கால் உதறுது. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆபத்து என்று மூளை முடிவு கட்டிய நொடியிலேயே நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பிக்குச் சேதி போய்விடுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. இதயம் வேகமெடுக்கிறது. ஓடவோ அடிக்கவோ தசைக்கு ரத்தம் வேண்டும். அதனால் தோலுக்கும் குடலுக்கும் போகிற பங்கு குறைகிறது. எச்சில் வற்றுகிறது. ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியல் ஆய்வாளர், பூனையின் வயிறு அசைவதை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூனை மிரண்டால் அந்த அசைவு சட்டென்று நின்றுபோவதைக் கண்டார். 1915இல் அவர் போட்ட புத்தகத்திலிருந்துதான் 'அடி அல்லது ஓடு' என்ற பாடமே நமக்கு வந்தது. நாய் துரத்தினால் இது உயிர் காக்கும். பிரேயர் வரிசையில் நிற்கிற பையனுக்கு அடிக்கவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை.

இது முதல் அலை. இரண்டாவது அலை மெதுவாக வரும். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் சொல்லும், அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். இந்தக் கார்டிசால் உச்சத்துக்குப் போக ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மைக். ஒன்பதரைக்கு அவன் என் வகுப்பில்.

நினைவைப் பார்த்துக்கொள்கிற ஹிப்போகேம்பஸ் என்கிற மூளைப் பகுதியில் கார்டிசால் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் நிறைய. 2000இல் டொமினிக் டி கெர்வைன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். முந்தின நாள் படித்த சொற்களை, ஒரு மணி நேரம் முன்னால் கார்டிசோன் மாத்திரை (உடம்புக்குள் போனதும் கார்டிசாலாக மாறுவது) போட்டுக்கொண்டவர்களால் குறைவாகத்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது. படித்தது உள்ளேதான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. "ஹால்ல எல்லாம் மறந்துபோச்சு, வெளியே வந்ததும் ஞாபகம் வருது" என்று பிள்ளைகள் சொல்வதைச் சாக்கு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கும் மேலாக என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்காக ஒருவரின் கார்டிசாலை ஏற்ற வேண்டுமானால் என்ன செய்வார்கள் தெரியுமா? ஜெர்மனியின் டிரியர் நகரத்தில் 1993இல் வகுத்த முறைதான் இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன்னால், மைக்கும் கேமராவும் வைத்து, பேசச் சொல்வார்கள். அப்புறம் மனக்கணக்கு. தப்பினால் முதலிலிருந்து. சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 2004இல் இந்த மாதிரி 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் முன்னால் எடைபோடப்படுவதும், எதுவும் தன் கையில் இல்லை என்ற நிலையும் சேர்ந்தால்தான் கார்டிசால் மிக அதிகமாக ஏறுகிறது என்று தெரிந்தது. மைக், கூட்டம், தீர்ப்பு, தப்பிக்க வழியில்லாமை. நாமும் அதைத்தான் ஐந்நூறு பிள்ளைகளை வைத்து வாராவாரம் செய்துகொண்டிருந்தோம், யாரும் எச்சில் எடுத்துக் கார்டிசாலை அளக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"பயம் இருந்தால்தான் டீச்சர் படிப்பான்" என்பீர்கள். பெற்றோரும் அதையே சொல்கிறார்கள், தெரியும். பாதி உண்மை. பரீட்சைக்கு முன்னால் கொஞ்சம் படபடப்பு நல்லதுதான், விழிப்பாக வைத்திருக்கும். ஆனால் யெர்கிஸ், டாட்சன் என்ற இருவர் 1908இலேயே எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். சுலபமான வேலை என்றால், தப்புக்குக் கொடுக்கிற கரண்ட் ஷாக் கூடக்கூட எலி சீக்கிரம் கற்றது. கஷ்டமான வேலை என்றால் ஷாக் ஓரளவுக்கு மேல் போனதும் கற்பது தாமதமானது. பிளஸ் டூ வேதியியல் சுலபமான வேலையா என்பதை உங்கள் வேதியியல் ஆசிரியரிடமே கேளுங்கள்.

இதில் உடம்பும் சேர்ந்து அடிபடுகிறது. ஓஹியோவில் 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் செய்து ஆறுவதைப் பார்த்தார்கள். ஒன்று கோடை விடுமுறையில், இன்னொன்று பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால். பரீட்சைக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. நம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ரிவிஷன் மாதத்தில் வாய்ப்புண்ணும் சளியும் விடாமல் தொடர்வதை வார்டன்களைக் கேட்டால் சொல்வார்கள். திங்கட்கிழமை லீவ் லெட்டர்களில் பாதி 'வயிற்று வலி' என்றே வரும். ஸ்டாஃப் ரூமில் சிரித்திருக்கிறோம். சிலது நடிப்பாகவும் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. எல்லாமே நடிப்பில்லை.

திடீர் ஸ்லிப் டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஜே வைஸ் என்ற ஆய்வாளர் இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு ஷாக் கொடுத்தார். ஒன்றுக்கு மட்டும் ஷாக் வருமுன் ஒலி கேட்கும். மற்றதற்கு எப்போது வரும் என்றே தெரியாது. தெரியாத எலிக்குத்தான் வயிற்றுப் புண் அதிகம். டெஸ்டை நிறுத்தச் சொல்லவில்லை. முந்தின நாளே சொல்லிவிடுங்கள். விடிகாலை நாலரைக்கு எழுப்பி விடுகிற ஸ்டடியையும் யோசியுங்கள், படித்தது மூளையில் நன்றாகப் படியத் தூக்கம் வேண்டும்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. ரேங்க் அங்கிருந்து கிளம்பி நம் வாசல் ஃபிளெக்ஸிலும் பிரேயர் மைதானத்திலும் குடியேறியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மார்க்கை மடித்த தாளில் அவரவர் கையில் கொடுங்கள். குறைந்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தப் பாடத்தில் எங்கே சிக்கல் என்று பத்து நிமிடம் கேட்கட்டும் வகுப்பாசிரியர். டாப்பர் ஃபிளெக்ஸை எடுக்க மனமில்லாவிட்டால் போகட்டும், அதற்குக் கீழேயே அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐப் பெரிதாக எழுதி வையுங்கள்.

அரையாண்டுத் தேர்வு வருகிறது. இந்த ஒருமுறை மட்டும் மைக் இல்லாமல் பேப்பர் கொடுத்துப் பாருங்கள். கொடுத்துவிட்டு, அடுத்து வரும் திங்கட்கிழமைகளில் ஆபீஸுக்கு எத்தனை 'வயிற்று வலி' லெட்டர் வருகிறது என்று கிளார்க்கை எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி