எங்கள் மெஷினுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இரவு, வீட்டிலேயே செய்த எங்கள் சி.என்.சி. ரௌட்டர் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி பலகையைச் செதுக்கும் மெஷின்) முதல் முறையாக ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை நிற்காமல் முடித்தது. அம்மா நோட்டில் வரைந்து தந்த சிக்குக் கோலம், 12 மி.மீ. பிளைவுட்டில், 47 நிமிடம். பலகையைத் தூசி தட்டிக் கையில் எடுத்தபோது உங்கள் முகங்கள்தான் வந்து போயின.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணா, மெஷினை நகர்த்தும் திருகுத் தண்டான பால் ஸ்க்ரூவின் முனைகளை பேரிங்குக்குச் சரியாகக் கடைந்து கொடுத்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி, மெஷின் சட்டத்தை வெல்டு வைத்துக் கொண்டுவந்த அன்று நீங்கள் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தது. இரண்டு குறுக்களவுக்கும் 3 மி.மீ. வித்தியாசம். வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்திருந்தது. "இதுமேல வெட்டும் பகுதி ஓடுற ரெயிலை ஏத்தாதீங்க தம்பி, அப்புறம் எதுவுமே நேரா வராதுங்க" என்று சொல்லி, அரை நாள் உங்கள் வேலையை ஒதுக்கிவைத்துச் சரிசெய்து கொடுத்தீர்கள். கூலியும் வாங்கவில்லை.

பேனல் போர்டு வயரிங் செய்து ஓய்வு பெற்ற ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மெஷின் நகரும் மூன்று திசைக்கும், அதாவது மூன்று அச்சுக்கும், எல்லையில் உலோகம் அருகே வந்தால் உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் மாட்டியிருந்தேன். பழுப்பு ஒயர் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல் என்பது வரை எனக்குத் தெரியும். கறுப்பை நேராக, மெஷினைக் கட்டுப்படுத்தும் சிறு போர்டான அர்டுயினோவில் செருகப் போனேன். நீங்கள் தடுத்து, மல்டிமீட்டரை வைத்துக் காட்டினீர்கள்: சென்சாருக்கு எதிரே உலோகம் இல்லாதபோது அந்த ஒயரில் கிட்டத்தட்ட 24 வோல்ட். போர்டில் ஒயர் செருகும் முனை தாங்குவது 5 வோல்ட்தான். அன்றே நடுவில், சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி 24 வோல்ட்டைப் போர்டுக்கு வரவிடாத ஆப்டோகப்ளர் வைத்தோம், போர்டு பிழைத்தது.

அதன் பிறகும், வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலைப் போட்டதும், அச்சு எல்லைக்கு வந்துவிட்டதாக லிமிட் அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடும். அச்சு நடுவில்தான் இருக்கும், சென்சார் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டு வாரம் செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன், சென்சாரையும் மாற்றிப் பார்த்தேன். நீங்கள் ஒரு மாலை வந்து, கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், கேபிள் செயினைத் திறந்தீர்கள். ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிளும் சென்சார் ஒயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தக் கேபிளின் மின் இரைச்சல்தான் சென்சார் ஒயரில் ஏறிப் பொய் சிக்னல் ஆகியிருந்தது. ஸ்பிண்டில் பாடிக்கு எர்த்தும் இல்லை. கேபிளையும் சென்சார் ஒயர்களையும் வேறு வேறு வழியில் பிரித்தீர்கள், சென்சாருக்கு, இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை உள்ள ஷீல்டு கேபிள் இழுத்தீர்கள், ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த்தில் கொடுத்து மறுமுனையை வெட்டி டேப் சுற்றச் சொன்னீர்கள். சென்சாரையும், எதிரே உலோகம் இல்லாதவரை சுற்று மூடியே இருக்கும் நார்மலி குளோஸ்டு வகையாக மாற்றினோம். ஒயர் அறுந்தாலும் மெஷின் தானாக நின்றுவிடும் என்பது உங்கள் கணக்கு. இன்றுவரை ஒரு பொய் அலாரம் இல்லை.

காந்திபுரம் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தம்பிக்கும் நன்றி. நான் தவறுதலாக வாங்கிய, எங்கள் வயரிங்குக்குப் பொருந்தாத பி.என்.பி. வகை சென்சார்களை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தாய். இரவு பத்து மணி வரை சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மாடிவீட்டு அக்காவுக்கும்.

நேரில் பார்க்கவே வாய்ப்பில்லாத இருவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். மெஷினை ஓட்டுவது ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள். 2009-இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் அதைத் தொடங்கினார், பின்னர் சுங்யுன் ஜியோன் வளர்த்தெடுத்தார். ஒரு சின்ன அர்டுயினோ ஊனோவுக்குள் அடங்கும் அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்ததால்தான் என்னைப் போன்றவர்கள் மெஷின் கட்ட முடிகிறது.

கோலப் பலகை லேத் அண்ணனுக்கு. அம்மாவே அப்படிச் சொல்லிவிட்டார். சென்சார் வயரிங் படத்தை பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், மெஷின் கட்டுபவர்கள் வந்து தாராளமாகப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஐயா, நீங்கள் கொண்டுவந்த ஷீல்டு கேபிளில் மூன்று மீட்டர் மீதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.