பவளமும் ஜெல்லி மீனும்: பெயர்கள் மறைக்கும் உயிர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல்நீர் சூடாவதால் பவளப்பாறைகள் வெளிறிப்போவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதன் அருகே ஜெல்லி மீன்கள் பற்றி இடம்பெற்ற பெட்டிச் செய்தியையும் படித்தேன். இப்பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் கட்டுரையில் "பாறைகள் நிறம் இழக்கின்றன" என்றும், பெட்டிச் செய்தியில் "இந்த மீன் இனம்" என்றும் இருந்ததைக் கண்டபோது, பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. பவளத்தைக் கட்டுவது ஒரு விலங்கு. ஜெல்லி மீனுக்கோ முதுகெலும்பும் இல்லை, செவுளும் இல்லை, துடுப்பும் இல்லை. இவை இரண்டும் குழியுடலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்த உறவினர் என்பது அந்தப் பக்கத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை.

குழியுடலியின் உடலை ஒரு பை என்றே சொல்லிவிடலாம். வெளிப்புறம் செல்களாலான ஓர் அடுக்கு, உட்புறம் இன்னோர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே மீசோகிளியா எனப்படும் கூழ். பைக்கு இருப்பது ஒரே வாய். இரை உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். மூளையோ இதயமோ இரத்தமோ கிடையாது. உடல் முழுவதும் பரவிய நரம்பு வலையே அதை இயக்குகிறது. இந்தப் பை வாயை மேல்நோக்கி வைத்துக்கொண்டு அடியில் ஒட்டி வாழ்ந்தால் அது பாலிப்: கடல் சாமந்தியும் பவளமும் ஹைட்ராவும் அப்படிப்பட்டவை. அதுவே கவிழ்ந்து, நடுக்கூழ் பெருகி, குடை போல விரிந்து மிதந்தால் மெடுசா. நாம் ஜெல்லி மீன் என்று சொல்வது இதைத்தான். பல இனங்கள் ஒரே வாழ்நாளில் இரு உருவையும் எடுக்கின்றன. நிலா ஜெல்லியின் இளவுயிரி நீந்திப் போய் ஒரு கல்லில் ஒட்டிப் பாலிப்பாக வளர்கிறது. பின்னர் அந்தப் பாலிப், அடுக்கி வைத்த தட்டுகளைப் போலக் குறுக்கே பிளவுபட்டு, ஒவ்வொரு தட்டும் கழன்று ஒரு குட்டி மெடுசாவாக நீந்திப் போகிறது.

இவற்றையெல்லாம் ஒரே குடும்பமாக்கும் அடையாளம் கொட்டும் செல்தான். மாணவர்களுக்கு இதைக் காட்ட, குளத்து நீரிலிருந்து ஒரு ஹைட்ராவை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அருகில் ஒரு நீர்த்தெள்ளை விடுவேன். துள்ளித் திரியும் தெள்ளின் மேல் ஹைட்ராவின் உணர்கொம்பு பட்டதும் அது உதறிப் பார்க்கும், பிறகு தளர்ந்து ஓய்ந்துவிடும். உணர்கொம்பு சுருண்டு அதை வாயருகே கொண்டு சேர்க்கும். கொட்டும் செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய உறையில் சுமார் 150 மடங்கு வளிமண்டல அழுத்தம் தேங்கியிருக்கிறது. மூடி திறந்ததும் அதன் முள், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இரையைத் துளைத்துவிடுகிறது. இந்தச் செல் தொடுகை பட்டாலே வெடிக்கும். உடல் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கரையொதுங்கிய ஜெல்லி மீனைச் செத்த மீன் என்று எண்ணிக் கையால் எடுப்பவர்கள் சூடுபட்டதைப் போலத் துடிப்பதன் காரணம் இதுவே.

பவளத்தை விலங்கு என்று ஏற்க அறிஞர்களே தயங்கிய காலம் ஒன்று உண்டு. 1720-களில் பிரெஞ்சு மருத்துவர் பெய்சொன்னெல், பவளத்தின் "பூக்கள்" என்று கருதப்பட்டவை உண்மையில் சிறு விலங்குகளே என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அக்கருத்தைக் கழகத்தின் முன் வைத்த அதன் உறுப்பினர் ரியாமர், எழுதியவருக்கு அவப்பெயர் வந்துவிடக் கூடாதென்று அவருடைய பெயரையே மறைத்துவிட்டார். 1740-களில் இயற்கையாய்வாளர் ஆபிரகாம் டிரெம்ப்ளி, செடி போலத் தோன்றும் ஹைட்ராவை ஆராய்ந்து அது விலங்கே என்று வெளியிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. கண்ணால் கண்டு சொன்ன மனிதர் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது வெளிறலுக்கு வருகிறேன். பாறை கட்டும் பவளங்களின் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுக்கின்றன. பவளத்தின் நிறத்திலும் பெரும்பகுதி அவற்றுடையதே. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பம் ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே போதும், இந்தக் கூட்டு வாழ்வு குலைந்து பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அப்போது கண்ணாடி போலத் தெளிந்துவிட்ட திசுவின் ஊடாக, அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அங்கே நடப்பது ஒரு விலங்கு பட்டினி கிடப்பது. "பாறை நிறம் இழக்கிறது" என்று எழுதினால் சாயம் போன சுவர்தான் வாசகர் மனத்தில் வரும்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஜெல்லி மீனுக்குச் சொறி என்ற பழைய பெயரே இருக்கிறது. மீன் என்ற ஒட்டு அதில் இல்லை. பவளப்பாறை என்ற சொல் ஊன்றிவிட்டதால் அதை நீக்கச் சொல்லவில்லை. கட்டிய உயிரைக் குறிக்கும் இடங்களில் பவள உயிரி என்று எழுதினால் போதும்.

கட்டுரையுடன் வந்த வண்ணப்படத்துக்கு "இறந்த பவளம்" என்று குறிப்பு இட்டிருந்தீர்கள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கிளைகளின் நுனியில் உணர்கொம்புகள் விரிந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. படம் எடுக்கப்பட்டபோது அந்தப் பவளம் உயிரோடுதான் இருந்திருக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்திருந்தால் பாசிகள் மீண்டும் குடியேறியிருக்கவும் கூடும். அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்