அப்பாவின் குறிப்பேடுகளைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புடையீர்,

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவுகளில் மாறி மாறித் துணையிருந்த உறவினர்களுக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் வேறு சிலருக்கு. அவர்களில் பாதிப் பேரை நான் முகம் பார்த்ததுகூட இல்லை.

அப்பா நாற்பது ஆண்டுகள் ஆசியக் கலைப்பொருட்களை மதிப்பிட்டு வந்தவர். சீனப் பீங்கானும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் என்றால் அவருக்கு உயிர். கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தால் முதலில் கவிழ்த்துவிடுவார். மெருகு ஏறாத அடிவளையத்தில் கட்டைவிரலை மெல்ல ஓட்டி ஒரு சுற்று வந்த பிறகுதான் பூவேலைப்பாடு பக்கம் கண் போகும். அடியில் சீனாவின் செங்குவா பேரரசர் ஆட்சியின் (1465–1487) ஆறெழுத்து முத்திரை இருந்தாலும் மயங்கமாட்டார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், காங்சி பேரரசர் காலத்துக் (1662–1722) குயவர்களும் அதே முத்திரையை எழுதினார்கள். "எழுத்து சொல்வதை மண் ஒத்துக்கொள்கிறதா, பார்" என்பார்.

வருகிறவர்கள் "என்ன விலை போகும்?" என்று கேட்பார்கள். "உங்கள் கைக்கு எப்படி வந்தது?" என்று அப்பா கேட்பார். பதில் தெளிவாக இல்லையென்றால் பொருளைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதனால் அவர் இழந்த வேலைகள் பல. அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் அவரிடம் மிகவும் மதித்தேன்.

தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டு, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராசர் 2014இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அத்திருமேனி கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் சாட்சியாக நின்றது. அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி, கீழே "ஒரு படம் போதும்" என்று எழுதியிருந்தார் அப்பா. அதன் பிறகு அவர் பார்த்த ஒவ்வொரு பொருளையும் நான்கு பக்கமும் அடியும் தெரியப் படம் எடுத்துக் குறிப்பேட்டில் சேர்த்தார். மொத்தம் 43 குறிப்பேடுகள்.

அவர் மருத்துவமனையில் இருந்த வாரத்தில் வீட்டுக் குழாய் உடைந்து அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்பின் அறியாத ஒரு காகிதப் பாதுகாப்பாளர், தன் வேலை முடிந்த இரவு நேரத்தில் தொலைபேசியில் கூடவே இருந்து வழி சொன்னார். நனைந்த படங்களை ஒட்டிக்கொண்டு காய விடாதீர்கள், ஈரத்தோடு இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். இன்று தொட முடியாத ஏடுகளை உறைய வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. அம்மா, தொலைபேசியில் உங்கள் குரல் இல்லையென்றால் எல்லாவற்றையும் வெயிலில் போட்டுப் பாழாக்கியிருப்பேன்.

அப்பாவிடம் தொழில் கற்ற ஆறு பேர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சுதாள் வைத்து, நனைய நனைய மாற்றி, பத்து நாட்கள் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பொருட்களுக்கு அருகே பேனா கூடாது என்பது அப்பாவின் வழக்கம். எல்லாம் பென்சில் எழுத்து. அதனால் ஒரு வரிகூடக் கரையவில்லை. அதைக் கண்டதும் அவர்களில் ஒருவர் வாய்விட்டு அழுதார்.

பிரிந்துபோன படங்களைக் குறிப்புகளோடு பொருத்தித் தந்த அருங்காட்சியக நண்பர்களுக்கும், தாங்கள் வைத்திருந்த மதிப்பீட்டுச் சான்றுகளின் படிகளை அனுப்பிவைத்த குடும்பங்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இழந்தவை 11 படங்கள் மட்டுமே.

அப்பா இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போனார். காய்ந்த முதல் ஏட்டை அவர் மடியில் வைத்தேன். பார்வை மங்கியிருந்தது, நனைந்து காய்ந்து நெளிந்திருந்த தாளை விரலால் தடவிப் பார்த்து, "அடிப்பக்கப் படம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருந்தது.

நன்றியுடன்,
மகள்