குருசடைத் தீவுக்குப் போய் வந்தேன்

திருநகர், மதுரை

அன்புள்ள கணேசா,

கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்ததில் சந்தோஷம். முட்டியில் ஊசி போட்டாயே, படி ஏற முடிகிறதா இல்லையா என்று எழுதவே இல்லையே! இங்கே எல்லாரும் சுகம். வெயில்தான் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது.

போன மாதம் குருசடைத் தீவுக்குப் போய் வந்தேன். விலங்கியல் படித்த காலத்தில் டூர் போவோம் போவோம் என்று சொல்லியே போகாமல் விட்டோமே, அதே குருசடைதான். பாம்பனைத் தாண்டி குந்துகாலில் இப்போது படகு விடுகிறார்கள். விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய இடம் அது. சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினால் கொஞ்ச நேரத்தில் தீவு.

ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் வெளிறிப்போய்க் கிடக்குமே பலனோகிளாசஸ் புழு, அதற்கு ஊர் இதுதான். புழு கண்ணில் படவில்லை. அது மணலுக்குள் வளை தோண்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் வற்றிய இடத்தில் அது வெளியே தள்ளிய மணலைத்தான் கூட வந்த படகுக்காரத் தம்பி காட்டினார். இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி சுருள் சுருளாக இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்க, செல்ஃபிக்கு மறைக்கிறேன் என்று ஒரு பையன் என்னை நகரச் சொன்னான். ரெக்கார்டு நோட்டில் எத்தனை முறை வரைந்திருப்போம் அதை, அவனுக்கு என்ன தெரியும்!

திரும்பி வந்து கரையில் டீ குடிக்கும்போது சின்னப்பாலத்துப் பெண் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணிச் சுற்று, பாறை கிழித்த தழும்புகள். "எங்க அம்மா காலத்துலேர்ந்து அந்தத் தீவுலதான் பாசி எடுக்குறோம். நீங்க டிக்கெட்டுல போறீங்க, நாங்க கால் வச்சா தப்புங்குறாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு.

சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் படகு படகாக வெட்டிக்கொண்டு போனார்கள். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்தைப் புலியோடு ஒரே அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அது அடங்கத் தொடங்கியது. பாறை இருந்தால்தானே அலையைத் தடுக்கும்? பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 21 என்பது இப்போது கணக்குக்குத்தான். ஆனால் கடப்பாரையோடு வந்தவனையும் கையால் பாசி பறிக்கிறவளையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீதான் எதற்கும் சட்டம் பேசுவாயே, என்ன சொல்கிறாய்?

அப்புறம், பறவை. தீவில் ஆலாக்கள் மட்டும்தான், அதுவும் தூரத்தில். தனுஷ்கோடி போகும் வழியில்தான் விருந்து. பூநாரைகள் கூட்டமாக நின்றன. எல்லாரும் வண்டியை நிறுத்தி அவற்றையே படம் எடுத்தார்கள். நான் பார்த்தது இந்தப் பக்கம் சேற்றில் நின்ற நண்டு தின்னி உள்ளானை. கறுப்பும் வெள்ளையுமாக, உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகு. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். ஒரு நண்டைப் பிடித்து உதறு உதறென்று உதறி, கால்கள் தெறித்த பிறகு முழுங்கியது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வருகிற தையில் வா. வலசை வந்த பறவைகள் மாசி, பங்குனி வரை இருக்கும். காலையில் ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறினால் புதுப் பாம்பன் பாலத்தையும் பார்த்துவிடலாம். கால் ஒத்துழைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது. படகில் ஏற இறங்கக் கொஞ்சம் குதிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
சுந்தரம்